காற்புள்ளி அக்கா போட்ட பிழைதிருத்தம்

காற்புள்ளி அக்காவுக்கு மன்னிக்கிற பழக்கம் கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பூனை பிடிக்காது, சிலருக்குக் கூட்டம் பிடிக்காது; அக்காவுக்கு மன்னிப்பு பிடிக்காது. ரயில்வே அச்சகத்தில் பதினாறு வருஷம் அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அதில் முதல் மூன்று வருஷம், நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஏழு நிமிடம் தாமதமாக வந்ததற்காக என்னோடு சிரித்துப் பேசவில்லை.

அவள் புரூஃப் திருத்துபவள். நான் அவளுக்குப் படித்துக் காட்டுபவள். எழுதிக் கொடுத்த மூலம் என் கையில் இருக்கும், அச்சுக் கோத்து எடுத்த புரூஃப் அவள் கையில் இருக்கும். நான் உரக்கப் படிப்பேன்; அவள் சிவப்புப் பென்சிலோடு பின்தொடர்வாள். சொற்களை மட்டும் படித்தால் போதாது, குறிகளையும் வாயால் சொல்ல வேண்டும். "வண்டி நின்ற பின் காற்புள்ளி கதவைத் திறக்கலாம் முற்றுப்புள்ளி" என்று காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து வரை. ஒரு நாள் வீட்டில் என் கணவரைப் பார்த்து, "சாப்பிட வாங்க முற்றுப்புள்ளி" என்று சொல்லிவிட்டேன். அவர் பயந்துபோய் உடனே வந்து உட்கார்ந்தார்.

நான் ஒரு காற்புள்ளியை விழுங்கினாலும் அக்காவுக்குத் தெரிந்துவிடும். "ஏய், எங்கடி அது?" என்பாள், வீட்டில் தங்கக் கம்மலைத் தொலைத்த மாதிரி. அப்படி வந்த பெயர்தான் காற்புள்ளி அக்கா. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், போகப் போக முகத்துக்கு நேராகவே ஆகிவிட்டது. அவளும் கண்டுகொள்ளவில்லை.

அச்சகத்தில் ஒரு சட்டம் இருந்தது. மூலத்தோடு ஒப்பிட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை உரக்கப் படித்து முடிக்காத எந்தத் தாளிலும் அக்கா தன் சுருக்கக் கையெழுத்தைப் போட மாட்டாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் மிஷின்காரர் தாளை ஏற்ற மாட்டார். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் இதுதான். ரயில் நேரத்தை ஒரு எண் மாற்றி அச்சடித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் இதில் வம்பு செய்ததில்லை.

அவள் இந்த வேலைக்கு ஏன் வந்தாள் என்பதை எனக்குச் சொன்னது நாலாவது வருஷம். மேசை இழுப்பறையைத் திறந்து, ஓரம் நைந்த ஒரு விபத்து விசாரணை அறிக்கையை எடுத்து என் முன்னால் போட்டாள். பக்கம் பதினாலு. 'விபத்துக்கான காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு.'

"இந்த ஓட்டுநர் எங்க அண்ணன்," என்றாள்.

அந்தக் காலத்தில் நாட்டில் ரயில் பாதைகள் மூன்று கம்பெனிகளிடம் இருந்தன. வடக்குப் பாதை, கடற்கரைப் பாதை, மலைப் பாதை. மூன்றுக்கும் தண்டவாளம் ஒரே அகலம், விளக்கு மட்டும் வேறு வேறு பேச்சு பேசியது. வடக்குப் பாதையில் பச்சை தெரிந்தால் தாராளமாகப் போகலாம், மஞ்சள் தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கடற்கரைப் பாதையில் போகலாம் என்பதற்கு வெள்ளை விளக்கு. பச்சை என்றால் மெதுவாகப் போ, அடுத்த சிக்னலில் நிற்க வேண்டியிருக்கும் என்று பொருள். மலைப் பாதைக்காரர்கள் விளக்கையே நம்பவில்லை. ஆள் இறங்கி நின்று கொடி ஆட்டினால்தான் வண்டி நகரும்.

அக்காவின் அண்ணன் வடக்குப் பாதையில் ஓட்டுநர். ஒரு மழைக்காலத்தில், மாதத்தின் பன்னிரண்டாம் தேதி, வடக்குப் பாதையில் ஒரு பாலம் ஆட்டம் கண்டது. அவர் ஓட்டி வந்த பயணி வண்டியைப் பாதி வழியில் கடற்கரைப் பாதைக்குத் திருப்பிவிட்டார்கள். அப்படித் திருப்பும்போது அந்தப் பாதையின் விளக்கு முறையை எழுதிய சுற்றறிக்கையை ஓட்டுநர் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். யாரும் கொடுக்கவில்லை. பொழுது சாயும் நேரம், மழை. முன்னால் பச்சை தெரிந்தது. அவர் பதினெட்டு வருஷமாகப் பச்சையைக் கண்டால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். அடுத்த நிலையத்தில் ஒரு சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. இஞ்சினில் கரி தள்ளியவர் உட்பட பதினொரு பேர் போய்விட்டார்கள்.

கடற்கரைப் பாதையில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரிதான் சுற்றறிக்கையை அனுப்பியிருக்க வேண்டியவர். அவரையே விசாரணைக் குழுவிலும் போட்டார்கள். சுற்றறிக்கை கொடுத்தோம், ஓட்டுநர் வாங்கிப் பார்த்தார் என்று அவர் எழுதினார். தேதி இல்லாத ஒரு நகலையும் ஆதாரமாகக் காட்டினார். அண்ணனுக்கு இரண்டு வருஷம் சிறை. வெளியே வந்தபோது வேலை இல்லை, மனைவி இல்லை. அவள் தன் அப்பா வீட்டோடு போயிருந்தாள். விபத்தில் செத்தவர்களின் சொந்தக்காரர்கள் யாராவது தெருவில் இவர் முகத்தைப் பார்த்தால் காறித் துப்பினார்கள். ஒரு தையல்காரர் இரக்கப்பட்டுத் தன் கடையில் பொத்தான் துளை தைக்க விட்டார். இஞ்சின் நெம்புகோலைப் பிடித்த முறம் மாதிரியான கை, ஊசியைப் பிடித்துக்கொண்டு பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்தது. கடைக்கு மேலே இருந்த இரண்டு அறையில் அக்காவும் அவரும் குடியிருந்தார்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு," என்பாள்.

விசாரணை அறிக்கைகள் எல்லாம் ரயில்வே அச்சகத்தில்தான் அச்சாகின்றன என்று கேள்விப்பட்டு, இங்கே வேலைக்கு மனுப் போட்டாளாம். "அவன் என்னைக்காவது எதையாவது எழுதுவான்ல? அது என் மேசைக்கு வந்துதானே ஆகணும்?" என்றாள். காத்திருப்பதற்கும் ஒரு திராணி வேண்டும். எனக்கெல்லாம் பேருந்துக்கே காத்திருக்க முடியாது.

மூன்று கம்பெனிகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஒன்றாக்கியது. நாடு முழுவதற்கும் ஒரே சிக்னல் முறை வேண்டும் என்று ஒரு குழு போட்டார்கள். குழுத் தலைவராக வந்தவர் அதே அதிகாரி. இதற்குள் தலை நரைத்து, பதவி உயர்ந்து, பத்திரிகையில் படம் வருகிற ஆளாகிவிட்டார். 'எல்லாப் பாதைக்கும் ஒரே விளக்கு' என்று மேடை மேடையாகப் பேசினார். ஆறு வருஷம் கழித்து அவர் எழுதிய விதிநூல் அச்சுக்கு வந்தது. இருநூற்றுப் பத்துப் பக்கம்.

முதல் நாள் முன்னுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். நாலாம் பக்கத்தில் என் வாய் நின்றுவிட்டது.

"ஏன்டி நிறுத்தின?"

"அக்கா, இது…"

"படி."

படித்தேன். "விளக்கு முறைகளைக் கற்றுக்கொள்ள மறுத்த ஒரு கவனமற்ற ஓட்டுநரால் பதினொரு உயிர்கள் பலியானதை நாம் மறக்கலாகாது முற்றுப்புள்ளி."

அக்காவின் பென்சில் நகரவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, காது மடல் மட்டும் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. "எழுத்துப்பிழை ஏதும் இல்ல," என்றாள். "மேல படி." எனக்கு அந்த ஆளைப் பிடித்து மையில் முக்க வேண்டும் போல இருந்தது. போகிற போக்கில், தன் புத்தகத்துக்கு அழகு சேர்க்க, ஒரு மனுஷனை மறுபடியும் மிதித்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஆணவம் பிடித்தவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு, தங்கள் காகிதங்களை அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நூலின் பின்னிணைப்பில் பழைய மூன்று பாதைகளின் சுற்றறிக்கைகளை வரலாற்றுக்காகச் சேர்த்திருந்தார்கள். அதற்கான மூலமாக அவருடைய எழுத்தர் ஒரு பழைய கோப்பை அப்படியே கட்டி அனுப்பியிருந்தார். அதில் அந்தச் சுற்றறிக்கையின் அசல் இருந்தது. கீழே அதிகாரியின் கையெழுத்து, பக்கத்தில் தேதி முத்திரை. பதினாலாம் தேதி.

நான் அதையும் உரக்கப் படித்தேன். படித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று உறைத்தது. விபத்து பன்னிரண்டு. ஓட்டுநர் வாங்கிப் பார்த்ததாகச் சொன்ன தாள் எழுதப்பட்டதே இரண்டு நாள் கழித்து.

"அக்கா, கிடைச்சிடுச்சு!" என்று எழுந்தே விட்டேன்.

"உக்காரு," என்றாள். "இதை மட்டும் கொண்டு போனா எழுத்தர் தப்பா முத்திரை குத்திட்டான்னு சொல்லித் தப்பிச்சிடுவான். பாவம், அந்த எழுத்தர் தலை உருளும். பொறு."

பொறுத்தோம். விதி நாற்பத்தேழில் அவரே வந்து மாட்டினார்.

புது முறையில் வடக்குப் பாதையின் நிறங்களைத்தான் எல்லோருக்கும் வைத்திருந்தார்கள். விதி பன்னிரண்டு தெளிவாகச் சொன்னது: பச்சை என்றால் முழு வேகத்தில் போகலாம், மஞ்சள் என்றால் நிற்கத் தயாராக மெதுவாகப் போக வேண்டும். விதி நாற்பத்தேழு, கிளைப் பாதை பிரிகிற சந்திப்புகளைப் பற்றியது. சோம்பலில் அதிகாரி தன் பழைய கடற்கரைப் பாதைப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை அப்படியே பெயர்த்து இங்கே வைத்திருந்தார். 'வண்டி மெதுவாக வர வேண்டுமானால் கேபின்காரர் பச்சை காட்ட வேண்டும்.' அறுபத்தொன்றாம் பக்கம், ஒன்பதாம் வரி. சிக்னல் கேபினில் விளக்கை மாற்றுகிற கேபின்காரர் நாற்பத்தேழைப் படித்துவிட்டுப் பச்சை காட்டுவார். ஓட்டுநர் பன்னிரண்டைப் படித்துவிட்டுப் பாய்ந்து வருவார். அண்ணனைக் கவிழ்த்த அதே பச்சை, இப்போது நாடு முழுவதற்கும்.

அக்கா ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதினாள்: 'விதி 12 உடன் முரண். கவனிக்கவும்.'

புரூஃப் திரும்பி வந்தது. அக்காவின் குறிப்பைக் குறுக்கே அடித்து, 'மூலப்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மூலத்தில் உள்ளபடியே போடு என்று அர்த்தம். கீழே ஒரு வரி வேறு: 'திருத்துபவர் வேலை எழுத்தைப் பார்ப்பது, பொருளைப் பார்ப்பது அல்ல.' அக்காவின் மற்ற இருபத்து மூன்று கேள்விகளையும் இதே போல அடித்திருந்தார். ஒன்றைக்கூடப் படித்ததாகத் தெரியவில்லை. அச்சகம் முழுக்க அவருக்கு 'மூலப்படி' என்று பெயர் விழுந்தது அன்றுதான்.

இரண்டாம் புரூஃபில் அக்கா மறுபடி எழுதினாள். மறுபடி 'மூலப்படி'. கடைசிப் புரூஃபில் சிவப்பில் இரண்டு கோடு இழுத்து எழுதினாள். அதையும் அடித்து, 'அச்சிடலாம்' என்று முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டு அனுப்பினார். மூன்று தாளையும் அக்கா மடிக்காமல் இழுப்பறையில் வைத்தாள். அன்று மத்தியானம் அவள் பாட்டு முணுமுணுத்தாள். பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை.

"அக்கா, யார்கிட்டயாவது சொல்லிடலாம். மேனேஜர் ரூம்ல போன் இருக்கு."

"சொன்னேனே. மூணு தடவை சொன்னேன். அவன் கையால வாங்கியிருக்கேன்."

"அவர்கிட்ட இல்ல. குழுவில வேற ஆளுங்க இருக்காங்கல்ல."

"இப்பச் சொன்னா என்ன ஆகும்? ஒரு பக்கத்தை மாத்தி அச்சடிப்பாங்க. அவன் பேரு நல்லபடியா இருக்கும். அண்ணன் பேரு முன்னுரையில அப்படியே நாறும்." பென்சிலைச் சீவிக்கொண்டே பேசினாள். "புக்கு போகட்டும். கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்ச் சேரட்டும். சத்தமில்லாம திரும்ப வாங்க முடியாதபடி போகட்டும். முதல் தேதிதான நடைமுறைக்கு வருது? அதுக்குள்ள நான் பாத்துக்கறேன்."

மேனேஜர் அறைக்கு என் முக்காலியிலிருந்து முப்பது அடி. நான் எழுந்து போகவில்லை. எனக்கும் அந்த ஆள் கீழே விழுவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

அந்த முதல் தேதிக்கு முந்தின மாதம், இரண்டாம் தேதியே, நீல அட்டை போட்ட புத்தகங்கள் கட்டுக் கட்டாக வண்டி ஏறின. பதினைந்தாம் தேதி அக்கா அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். நாலே வரி. விதி பன்னிரண்டையும் நாற்பத்தேழையும் அடுத்தடுத்துப் படிக்கவும் என்று. அடுத்த நாள் அச்சகத்தில் போன் அலறியது. மேனேஜர் நெற்றி வேர்க்க ஓடி வந்தார். எல்லா நிலையத்துக்கும் உடனடியாகப் பிழைதிருத்தத் தாள் அடித்து அனுப்ப வேண்டும், ஒவ்வொரு ஓட்டுநரும் கேபின்காரரும் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், முதல் தேதிக்குள் முடிய வேண்டும்.

பிழைதிருத்தத் தாளில் ஒரு வழக்கம் உண்டு. பக்கம், வரி, எதற்குப் பதில் எது என்று போட்டுவிட்டு, கடைசியில் காரணம் போடுவோம். எழுதியவர் எவ்வளவு பெரிய தப்புச் செய்திருந்தாலும் 'அச்சுப்பிழை' என்றுதான் போடுவோம். பெரிய மனிதர்களின் முகத்தைக் காப்பாற்ற அச்சகம் பழியை வாங்கிக்கொள்ளும். எத்தனையோ தடவை அப்படிப் போட்டிருக்கிறோம். மேனேஜர் எழுதிக் கொண்டுவந்த வாசகத்திலும் அதுதான் இருந்தது.

அக்கா அதை அடித்துவிட்டு, 'ஆசிரியரின் பிழை' என்று எழுதினாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு அந்த அதிகாரியே வந்தார். எங்கள் அறைக்கு அதுவரை அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் யாரும் வந்ததில்லை. இரண்டு மேசை, ஒரு நாற்காலி, நான் உட்கார்ந்து படிக்கிற முதுகில்லாத முக்காலி, சுவர் முழுக்கத் தூக்கில் தொங்குகிற தாள்கள். நிற்கக்கூட இடமில்லை. மேனேஜர் வாசலோடு நின்றுகொண்டார்.

"நீங்கதான் திருத்தறவங்களா?" என்றார் அதிகாரி. குரலில் தேன். "ரொம்ப நுணுக்கமா வேலை செய்யறீங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு சின்ன விஷயம்மா. வழக்கம்போல அச்சுப்பிழைன்னு போட்டுடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்."

அக்கா இழுப்பறையைத் திறந்து மூன்று தாளையும் வரிசையாக மேசையில் பரப்பினாள். இரண்டு 'மூலப்படி', ஒரு 'அச்சிடலாம்', மூன்று கையெழுத்து.

"அச்சு சரியாத்தான் சார் இருக்கு. மூலப்படி."

அவர் தாள்களைப் பார்த்தார். நிறம் மாறியது. "இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"ரெண்டு திருத்தம் வேணும். ஒண்ணு அறுபத்தொண்ணாம் பக்கம். இன்னொண்ணு முன்னுரை, நாலாம் பக்கம்." அவள் எழுதி வைத்திருந்த தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "கவனமற்ற ஓட்டுநரால்னு இருக்கறதுக்குப் பதிலா, ஓட்டுநருக்குச் சுற்றறிக்கை தரப்படாததால்."

"அது விசாரணை முடிஞ்சுபோன விஷயம். பத்தொன்பது வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு அந்தப் பழங்கதை?"

"எங்க வீட்ல அது இன்னும் புதுசாத்தான் சார் இருக்கு," என்றாள் அக்கா. "அந்த ஓட்டுநர் என் அண்ணன்."

பதினாலாம் தேதி முத்திரை போட்ட அசலை எடுத்து, மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தாள். கையால் ஒருமுறை நீவிக்கூட விட்டாள். ஒரே வரிசையில் அந்த ஆளின் கையெழுத்து நாலு. வாசலில் நின்ற மேனேஜர் இருமினார்.

"இது வெளியே போனா…"

"வழக்கு. ஜெயில். பத்திரிகையில படம்," என்றாள் அக்கா. "இல்லன்னா ஒரு சின்னத் தாள். உங்க இஷ்டம்."

அவர் பேனாவை எடுத்தார். அக்கா தாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இங்க ஒரு முறை இருக்கு சார். உரக்கப் படிக்காத தாளில கையெழுத்து விழக் கூடாது." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ எந்திரி. இன்னைக்கு இவரு படிப்பாரு."

நான் எழுந்தேன். நாட்டின் ரயில் விளக்குகளுக்கெல்லாம் நிறம் கொடுத்த மனிதர் என் முக்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் மேசைக்குக் கீழே நுழையாமல் பக்கவாட்டில் மடங்கிக்கொண்டது. மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார். அக்கா நிறுத்தினாள். "குறியையும் சொல்லுங்க." மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "ஓட்டுநருக்குச் சுற்றறிக்கை தரப்படாததால்" என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது. "கேக்கல," என்றாள் அக்கா. இரண்டாம் தடவை மிஷின் அறை வரை கேட்டது. மிஷின்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கதவோரம் நின்றார். அச்சுக் கோப்பவர்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். "காரணம் முக்காற்புள்ளி ஆசிரியரின் பிழை முற்றுப்புள்ளி" என்று முடித்தபோது, அவர் கழுத்துப் பட்டி நனைந்திருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வயிறு குளிர்ந்தது என்பார்களே, அதுதான். அவர் கையெழுத்துப் போட்டார். அக்கா ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிட்டு, 'ஒண்ணாம் வரியில ஒரு இடைவெளி அதிகம்' என்று திருத்திவிட்டுத் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டாள்.

சின்னத் தாள் என்று நினைத்து அவர் தப்பித்ததாக எண்ணியிருப்பார். நாலாயிரத்துச் சொச்சம் நிலையங்களில், ஓட்டுநர்கள் ஓய்வறைகளில், சிக்னல் கேபின்களில் அந்தத் தாளை ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் தேதி விளக்குகள் எல்லாம் ஒரே நிறம் பேச ஆரம்பித்த விழாவில் அவருக்கு நாற்காலி போடவில்லை. மருத்துவ விடுப்பில் போனவர் திரும்பி வரவேயில்லை. அமைச்சக வராந்தாவில் அவரைப் பார்த்தால் பியூன்கூட 'மூலப்படி' என்று சிரிப்பானாம். அக்கா இதையெல்லாம் என்னை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

தாள் மிஷினிலிருந்து இறங்கியதுமே ஒன்றை அவள் எடுத்து வைத்திருந்தாள். முதல் தேதி கழியட்டும் என்று காத்திருந்து, அந்த வார ஞாயிற்றுக்கிழமை என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னாள். தையல் கடைக்கு மேலே, ஜன்னலோரம் அண்ணன் உட்கார்ந்து ஒரு கோட்டுக்குப் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தார். அக்கா தாளை அவர் மடியில் வைத்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். முன்னுரைத் திருத்தத்தை மூன்று தடவை படித்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, ஜெயித்தவள் மாதிரி மூச்சு விட்டாள்.

அப்புறம் அவர் கண் மேலே ஏறியது. அறுபத்தொன்றாம் பக்கம், ஒன்பதாம் வரி. ஓட்டுநர் அல்லவா. அதை ஒரே ஒரு தடவைதான் படித்தார்.

"இது எப்ப உனக்குத் தெரியும்?"

"புரூஃபிலயே தெரியும்ணே. மூணு தடவை எழுதினேன். அவன்தான்…"

"புக்கு எப்பப் போச்சு?"

"ரெண்டாம் தேதி."

"நீ எப்ப கடிதாசி போட்ட?"

அக்கா சுவரை விட்டு நிமிர்ந்தாள். "பதினஞ்சு. நடைமுறைக்கு வந்ததே முதல் தேதிதான்ணே."

"புதுப் புக்கு கையில வந்தா கேபின்காரன் முதல் தேதி வரைக்கும் சும்மா உக்காந்திருப்பானா? வந்த அன்னைக்கே பழகிப் பாப்பான். நான் பாத்திருக்கேன்." ஊசியைக் கோட்டில் குத்தி வைத்தார். "பதிமூணு நாள். எங்கயாவது, எவனாவது, பச்சையைக் காட்டியிருந்தா?"

"ஒண்ணும் ஆகலையே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆகியிருந்தா அறிக்கை எங்ககிட்டதான அச்சுக்கு வரும்," என்றாள் அக்கா. சொன்ன பிறகு தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியில் குறி போடுகிற பென்சிலை எடுத்து, தாளை முழங்காலில் வைத்து, 'ஆசிரியரின் பிழை' என்பதற்குக் கீழே நிதானமாக எழுதினார்: 'தெரிந்தும் பதிமூன்று நாள் காத்திருந்த திருத்துபவரின் பிழையும்.' எழுதிவிட்டு அக்காவிடம் நீட்டினார்.

"என் பேரைச் சுத்தம் பண்ணிட்ட. நல்லா இரு. இதையும் சேர்த்து வச்சுக்கோ. பாதித் தாளை வச்சுக்கிட்டு நிம்மதியா இருக்க முடியாது. நான் இருந்து பாத்தவன்."

பேருந்து நிறுத்தம் வரை அக்கா என்னோடு நடந்து வந்தாள். பேருந்து தூரத்தில் தெரிந்தபோது சொன்னாள்: "அண்ணன் எழுதினது சரிதான். மறுபடியும் அந்த மேசையில உக்கார வச்சா மறுபடியும் அதைத்தான் செய்வேன். ரெண்டும் உண்மை. உன் பேரை எழுதலைல்ல, நீ சந்தோஷமாப் போ."

அவர் எழுதாமல் விட்டதற்குக் காரணம், அச்சகத்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றே அவருக்குத் தெரியாது. மூன்று புரூஃபிலும் அந்த வரியை வாய்விட்டுப் படித்தவள் நான் என்று அக்கா அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், மேனேஜர் அறைக்கு இருந்த அந்த முப்பது அடி ஞாபகம் வந்தது.